ஷோ நடுவில் மெஷின் நின்றால்: ஒலி, ஒளிக் கட்டுப்பாட்டுக்கு பேக்கப் அமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடகம், நடனம், இசை நிகழ்ச்சி, மாநாடு எதுவானாலும் சவுண்டும் லைட்டும் இன்று கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஓடுகின்றன. கம்ப்யூட்டர் என்றால் ஒருநாள் நிற்கும். அன்றைக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பேக்கப் என்றால் இன்னொரு லேப்டாப்பைக் கூடவே வைத்துக்கொள்வதுதானே?

அது சுலபமான பாதி. மெயின் மெஷின் நின்றதை யார் கவனிப்பார்? கவனித்த பிறகு சிக்னலை எது திருப்பிவிடும்? இதெல்லாம் எத்தனை நொடியில் முடியும்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அதை பேக்கப் என்று சொல்லலாம். பையில் மூடிக்கிடக்கும் லேப்டாப் வெறும் ஸ்பேர். அதை எடுத்து, ஆன் செய்து, ஃபைலைத் திறந்து, கேபிளை மாற்றி ஓடவைப்பதற்குள் சபை எழுந்து காபி குடிக்கப் போயிருக்கும்.

அடுத்த படி, லேப்டாப் ஆன் ஆகி, ஃபைல் திறந்து, பக்கத்தில் தயாராக இருப்பது. சிக்னலை மாற்றினால் போதும், ஆனால் பாட்டு எந்த இடத்தில் நின்றது என்று தேட வேண்டும். அதற்கும் மேல், மெயினோடு சேர்ந்து ஒவ்வொரு கியூவையும் (பாட்டையோ விளக்கையோ மாற்றும் ஒவ்வொரு கட்டளையையும்) தானும் ஓட்டிக்கொண்டே இருப்பது. சத்தம் மட்டும் வெளியே போகாது. மாற்றிவிட்ட நொடியில் அதே இடத்திலிருந்து தொடரும். பாட்டும் நடனமும் பின்னிய ஷோவுக்கு இந்த மூன்றாவது வகைதான் உதவும். பேச்சு நிகழ்ச்சிக்கு இரண்டாவதே தாராளம்.

எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டாக வாங்க முடியாது. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு தாளை எடுத்து, மைக்கிலிருந்து ஸ்பீக்கர் வரையும், லைட்டிங் டெஸ்க்கிலிருந்து (விளக்குகளை இயக்கும் கட்டுப்பாட்டு மேசை) விளக்கு வரையும் சிக்னல் போகும் வழியை வரையுங்கள். கரண்ட் வரும் வழியையும் அதே தாளில் வேறு நிறத்தில் வரையுங்கள். பிறகு ஒவ்வொரு பெட்டியின் மேலும் விரலை வைத்து, "இது இப்போது செத்தால் சபைக்கு என்ன தெரியும்? நான் எத்தனை நொடியில் மீள்வேன்?" என்று கேளுங்கள். இருபது முப்பது பெட்டிகளில் ஐந்தாறுதான் உங்களை நிஜமாகப் பயமுறுத்தும். காசு அங்கே போகட்டும்.

படத்தை வரைந்தவர்களில் பலர் அதிர்ச்சி அடைவது மிக்சரையோ டெஸ்க்கையோ பார்த்து இல்லை. எல்லாம் ஒன்றாகக் கூடும் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச், அதற்குக் கரண்ட் கொடுக்கும் ஒரு சின்ன அடாப்டர், அது செருகியிருக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு. என் அனுபவத்தில் அதிகம் சாவது கேபிளும் கனெக்டரும்தான், அடுத்தது கரண்ட், அதற்கடுத்து மனிதக் கை. பெரிய கன்சோல் பட்டியலில் கடைசிப் பக்கம்தான் வரும்.

கரண்டுக்கு என்ன ஏற்பாடு? யூபிஎஸ் ஒன்று போட்டால் போதாதா?

யூபிஎஸ் கட்டாயம் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டினால், யூபிஎஸ் செத்த அன்று எல்லாம் சேர்ந்து சாகும். யூபிஎஸ்ஸும் சாகக்கூடிய பொருள்தான். லெட்-ஆசிட் பேட்டரி சாதாரணமாக 3 முதல் 5 வருஷம் உழைக்கும். அதற்குப் பிறகு விளக்கு பச்சையாக எரியும், லோடு வந்ததும் கை விரிக்கும்.

இரண்டு பவர் சப்ளை உள்ள மிக்சர், டெஸ்க், ஸ்டேஜ் பாக்ஸ் (மேடையில் மைக் கேபிள்களை வாங்கி மிக்சருக்கு அனுப்பும் பெட்டி) எதுவானாலும் ஒன்றை யூபிஎஸ்ஸிலும் மற்றதை நேரடி மெயின்ஸிலும் மாட்டுங்கள். ஒரு ஷோவில் மிக்சரின் இரண்டு சப்ளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் அழகாக அக்கம்பக்கமாகச் செருகியிருந்தது. யாரோ ஒருவர் காலால் இடித்தார், அவ்வளவுதான். அந்தப் போர்டைச் செருகியவன் நான்தான் என்பதால் திட்ட ஆள் கிடைக்கவில்லை.

லைன்-இன்டராக்டிவ் வகை யூபிஎஸ் பேட்டரிக்கு மாற சில மில்லிசெகண்ட் எடுக்கும். பெரும்பாலான கம்ப்யூட்டர் பவர் சப்ளைகள் அதைத் தாங்கும். ஆன்லைன் வகையில் இந்த இடைவெளியே கிடையாது. ஜெனரேட்டரில் ஓடும் நிகழ்ச்சிக்கு ஆன்லைன் வகைதான் என் தேர்வு, ஏனென்றால் ஜெனரேட்டரின் வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் ஆடும்போது மலிவான யூபிஎஸ் பேட்டரிக்கும் மெயின்ஸுக்கும் மாறி மாறித் தாவி, ஷோ முடியுமுன் பேட்டரியைக் காலி செய்துவிடும்.

யூபிஎஸ்ஸில் மாட்ட வேண்டியவை: பிளேபேக் மெஷின்கள் (பாட்டை ஓட்டும் கம்ப்யூட்டர்கள்), மிக்சர், ஸ்டேஜ் பாக்ஸ், லைட்டிங் டெஸ்க், நெட்வொர்க் ஸ்விட்ச், வயர்லெஸ் ரிசீவர். ஆம்ப்ளிஃபயரையும் புகை மெஷினையும் மாட்டாதீர்கள். கரண்ட் ஒரு நொடி போய் வந்தால் ஆம்ப் சீக்கிரம் எழுந்துவிடும். மிக்சரும் ஸ்விட்சும் எழுந்துவர நிமிடக்கணக்கில் ஆகும். யூபிஎஸ் காப்பாற்றுவது அந்த நிமிடங்களைத்தான்.

பிளேபேக்குக்கு இரண்டு கம்ப்யூட்டர் வைப்பது எப்படி?

அடிப்படை வடிவம் இது. ஒரே ஷோ ஃபைல் உள்ள இரண்டு மெஷின். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டரின் ஒலியை வெளியே கொடுக்கும் பெட்டி). இரண்டும் ஒரு ஸ்விட்சர் பெட்டிக்குள் போகும், அதிலிருந்து ஒரே ஒரு செட் மட்டும் மிக்சருக்கு வரும். கோ பட்டனை ஒருமுறை அழுத்தினால் மிடி அல்லது ஓஎஸ்சி (கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் முறைகள்) வழியாக இரண்டு மெஷினுக்கும் கட்டளை போக வேண்டும். கியூலேப், ஏபிள்டன் லைவ் போன்ற பிளேபேக் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் செய்வது இதையேதான். இரண்டு லேப்டாப்பில் இரண்டு ஸ்பேஸ்பாரை ஒரே நேரத்தில் தட்டுவது சிலருக்குப் பழக்கம். ஒத்திகையில் சரியாக வரும், ஷோவில் கை நடுங்கும்.

மிக்சரில் சேனல் தாராளமாக இருந்தால் ஸ்விட்சர் பெட்டியே வேண்டாம். மெயினை ஒரு சேனல் கூட்டத்திலும் பேக்கப்பை இன்னொன்றிலும் கொண்டுவந்து, இரண்டு மியூட் குரூப் (பல சேனல்களை ஒன்றாக மௌனமாக்கும் வசதி) வைத்து ஒரே பட்டனில் மாற்றலாம். கூடுதல் பெட்டி இல்லை என்றால் அது சாகும் பயமும் இல்லை. ஆனால் மாற்றுவது சவுண்ட் என்ஜினியரின் விரல், அவர் கண் அந்த நேரம் வேறெங்கோ இருக்கலாம்.

தானாக மாறும் ஸ்விட்சர்கள் ஒரு டோனை வைத்து வேலை செய்கின்றன. ஷோ ஃபைலில் ஒரு தனி ட்ராக்கில் இடைவிடாமல் ஒரு டோன் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கென ஒதுக்கிய அவுட்புட்டில் அது வரும் வரை மெயின் உயிரோடு இருக்கிறது என்று பெட்டி நம்பும், நின்றதும் பேக்கப்புக்குத் தாவும். ரேடியல் நிறுவனத்தின் எஸ்டபிள்யூ8, ஐகனெக்டிவிட்டியின் பிளேஆடியோ12 போன்றவை இந்த வழியில் வேலை செய்பவை.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே டோன் நின்றால் பெட்டி தேவையில்லாமல் தாவும், ஆகவே டோன் பாட்டுகளுக்கு வெளியே தனியாக ஓட வேண்டும். இரண்டாவது பொறி மோசமானது. ஒரு நடன நிகழ்ச்சியில் மெயின் லேப்டாப் உறைந்துபோய், இன்டர்ஃபேஸ் தன்னிடம் கடைசியாக வந்த துணுக்கையே "ட்ர்ர்ர்" என்று திரும்பத் திரும்ப வாசித்தது. அந்தத் துணுக்கில் டோனும் இருந்தது. பெட்டியைப் பொறுத்தவரை மெயின் ஆரோக்கியமாக இருக்கிறது! கையால் தட்டித்தான் மாற்றினோம். அன்றிலிருந்து, எவ்வளவு விலையுயர்ந்த தானியங்கிப் பெட்டியாக இருந்தாலும் அதன் கைப்பட்டனோ கால் ஸ்விட்சோ ஆபரேட்டருக்கு எட்டும் இடத்தில் இல்லாமல் நான் ஷோ தொடங்குவதில்லை.

இரண்டு மெஷினும் கடைசிவரை ஒரே தாளத்தில் ஓடுமா?

தனித்தனி க்ளாக்கில் (ஒலி ஓடும் வேகத்தைத் தீர்மானிக்கும் உள் கடிகாரம்) ஓடினால் மெல்ல விலகும். இரண்டு இன்டர்ஃபேஸுக்கும் இடையில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வேக வித்தியாசம் என்று வைத்தால், 4 நிமிடப் பாட்டின் முடிவில் 12 மில்லிசெகண்ட் விலகியிருக்கும். மாறும்போது ஒரு சின்ன இடறல், அவ்வளவே. பெரும்பாலோர் கவனிக்கமாட்டார்கள். ஒவ்வொரு பாட்டும் புதிதாகத் தொடங்கும்போது கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். நிறுத்தாமல் ஒரு மணி நேரம் ஓடும் ஒற்றை ட்ராக் என்றால் அதே வேகத்தில் விலகல் 180 மில்லிசெகண்ட், அது காதில் விழும்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரே வேர்ட் க்ளாக் (கருவிகளை ஒரே வேகத்தில் வைக்கும் சிக்னல்) கொடுத்தால் விலகலே இருக்காது. ஆனால் க்ளாக் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மெயின் இன்டர்ஃபேஸிலிருந்து பேக்கப்புக்கு க்ளாக் போகிறது என்றால், மெயின் செத்த கணமே பேக்கப்புக்கும் இதயத்துடிப்பு போய்விடும். க்ளாக் மூன்றாவது இடத்திலிருந்து வரட்டும், மிக்சரிலிருந்து வருவது வழக்கம்.

மிக்சரே செத்தால்?

முதலில், அது நிஜமாகவே செத்ததா? டிஜிட்டல் மிக்சர்களில் திரையும் ஃபேடரும் உறைந்துபோனாலும் பல மாடல்களில் உள்ளே ஆடியோ ஓடிக்கொண்டே இருக்கும். பதற்றத்தில் பவர் ஸ்விட்சை அணைத்து எரியச் செய்வதுதான் ஷோவைக் கொல்லும் செயல். சத்தம் போய்க்கொண்டிருந்தால் கையை எடுங்கள். அந்தக் காட்சி முடியட்டும். மிக்சருக்கு டேப்லெட் ஆப் இருந்தால் அதன் வழியாக ஃபேடர் கிடைக்கிறதா பாருங்கள்.

பெரிய தயாரிப்புகளில் இரட்டை என்ஜின் (ஒலியைக் கையாளும் உள் கம்ப்யூட்டர்) கொண்ட மிக்சர் கன்சோல்கள் உண்டு. டிஜிகோவின் எஸ்டி7, யமஹாவின் ரிவாஜ் வரிசை போன்றவற்றில் ஒரு என்ஜின் விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும்படி அமைக்கலாம். அது எல்லோருக்கும் கட்டாது. எல்லோருக்கும் கட்டக்கூடியது ஒரு குட்டி அனலாக் மிக்சர். ஒரு வயர் மைக், பேக்கப் பிளேபேக்கின் ஸ்டீரியோ, இவ்வளவும் அதற்குள் வரட்டும். அதன் அவுட்புட் ஆம்ப்பின் இரண்டாவது இன்புட்டுக்குப் போகட்டும். பல புதிய ஆம்ப்ளிஃபயர்களில் டிஜிட்டல் இன்புட் அறுந்தால் தானாக அனலாக் இன்புட்டுக்கு விழும் வசதி இருக்கிறது. மெனுவில் அதை ஆன் செய்தவர்கள்தான் குறைவு.

அந்த வயர் மைக் எனக்கு மிக முக்கியம். எது செத்தாலும் சபையிடம் "இரண்டு நிமிடம் பொறுங்கள்" என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். இருட்டில் மௌனமாக இருக்கும் கூட்டம் பயப்படும். நிலவரம் சொல்லப்பட்ட கூட்டம் உட்கார்ந்திருக்கும்.

டான்டேயில் (நெட்வொர்க் கேபிளில் ஆடியோ அனுப்பும் முறை) பிரைமரி, செகண்டரி என்று இரண்டு போர்ட் இருக்கிறதே. இரண்டையும் மாட்டினால் பேக்கப் ஆகிவிடுமா?

சரியாக மாட்டினால் மிக நன்றாக. ரிடன்டன்ட் முறையில் ஒரே ஆடியோ இரண்டு நெட்வொர்க்கிலும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று அறுந்தாலும் வாங்கும் கருவி மற்றதிலிருந்து தொடரும், காதுக்கு எதுவும் தெரியாது. ஒளிபரப்பு உலகில் எஸ்எம்பிடிஇயின் 2022-7 தரம் செய்வதும் இதே யோசனைதான்.

தவறும் இடங்கள்: முதலாவது, இரண்டு நெட்வொர்க்கும் எங்கேயும் தொடக்கூடாது. "ஒரு கேபிள் மிச்சம் இருந்தது" என்று பிரைமரி ஸ்விட்சையும் செகண்டரி ஸ்விட்சையும் இணைத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். தானியங்கி முகவரி எடுக்கும்போது பிரைமரிக்கு 169.254, செகண்டரிக்கு 172.31 என்று தொடங்கும் முகவரிகள் வரும். கலந்துவிட்டதா என்று பார்க்க அதுவே நல்ல அடையாளம். இரண்டாவது, கருவி ரிடன்டன்ட் முறையில் இல்லாமல் ஸ்விட்ச்ட் முறையில் இருந்தால் அந்த இரண்டு போர்ட்டும் சாதாரண ஸ்விட்ச் போர்ட்டுகள்தான், இரண்டையும் மாட்டினால் வளையம் உருவாகும். மூன்றாவது, லேப்டாப்பில் ஓடும் டான்டே விர்ச்சுவல் சவுண்ட்கார்டு என்ற சாஃப்ட்வேருக்கு செகண்டரி கிடையாது. பிளேபேக் அதன் வழியாக வந்தால் உங்கள் சங்கிலியின் பலவீனமான கண்ணி அதுவே.

இரண்டு கேபிளையும் ஒன்றாகக் கட்டி ஒரே வழியில் இழுக்காதீர்கள். ஃபோர்க்லிஃப்ட் ஒன்று ஏறினால் இரண்டும் சேர்ந்தே நசுங்கும். ஒன்று இடப்பக்கமாக, ஒன்று வலப்பக்கமாகப் போகட்டும்.

லைட்டிங்குக்கு இரண்டு டெஸ்க் எப்படி இணைப்பது?

ஒரே நிறுவனத்தின் இரண்டு டெஸ்க் இருந்தால் அவர்களே வழி வைத்திருப்பார்கள். ஈடிசியின் இயோஸ் குடும்பத்தில் ஒன்று பிரைமரி, ஒன்று பேக்கப். கிராண்ட்எம்ஏவில் இரண்டையும் ஒரே செஷனில் சேர்ப்பார்கள். பேக்கப் டெஸ்க் மெயினைப் பின்தொடர்ந்து, எந்தக் கியூவில் நிற்கிறோம் என்பதுவரை அறிந்திருக்கும். மெயின் மறைந்தால் எடுத்துக்கொள்ளும், அல்லது "நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டுக் காத்திருக்கும். கேட்குமா, தானாக எடுக்குமா என்பது ஒரு செட்டிங். ஷோவுக்கு முன்னாலேயே அது எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பேக்கப் டெஸ்க் பெரும்பாலும் ஆள் இல்லாத மூலையில்தான் இருக்கும். சாஃப்ட்வேர் பதிப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் இரண்டும் சேரவே மறுக்கலாம்.

வேறு வேறு வகை டெஸ்க் என்றால் எஸ்ஏசிஎன் (நெட்வொர்க்கில் லைட்டிங் சிக்னல் அனுப்பும் முறை) கைகொடுக்கும். ஈ1.31 என்ற இந்தத் தரத்தில் ஒவ்வொரு சோர்ஸும் 0 முதல் 200 வரை ஒரு பிரையாரிட்டி எண்ணோடு பேசும். தானாக இருப்பது 100. மெயினை 100லும் பேக்கப்பை 90லும் வைத்தால், மெயின் பேசும்வரை நோடு (நெட்வொர்க் சிக்னலை விளக்குகளுக்கு மாற்றிக்கொடுக்கும் பெட்டி) பேக்கப்பைக் காதில் போட்டுக்கொள்ளாது. மெயின் மௌனமானால் 2.5 நொடி காத்திருந்து பேக்கப்பை எடுக்கும். அந்த இடைவெளியில் விளக்குகள் கடைசி நிலையிலேயே நிற்கும். மெதுவான காட்சியில் யாருக்கும் தெரியாது. விளக்குகள் மாறி மாறி ஓடும் வேகமான சேஸ் ஓடினால் ஒரு உறைதல் தெரியும்.

ஒரு நுட்பம் கவனியுங்கள். டெஸ்க்கை ஒழுங்காக மூடினால் அது "நான் போகிறேன்" என்று அறிவித்துவிட்டுப் போகும், நோடு உடனே மாறும். கரண்ட் கேபிளைப் பிடுங்கினால் அறிவிப்பு வராது, 2.5 நொடி ஆகும். ஆகவே டெஸ்க்கை மூடிப் பார்த்துவிட்டு "சோதித்தாயிற்று" என்று சொல்லாதீர்கள். நிஜ விபத்து சொல்லிவிட்டு வராது.

இங்கேயும் பாதி உயிர்ப் பிரச்சினை உண்டு. டெஸ்க்கின் திரை உறைந்திருக்கும், ஆனால் அதன் நெட்வொர்க் போர்ட் கடைசி நிலையை 100 பிரையாரிட்டியில் அனுப்பிக்கொண்டே இருக்கும். நோடு அதைத்தான் நம்பும். அப்போது மெயின் டெஸ்க்கின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்க வேண்டும். அந்த கேபிளில் சிவப்பு டேப் ஒட்டி, "உறைந்தால் இதை இழு" என்று எழுதிவைத்திருக்கிறேன்.

ஆர்ட்-நெட்டில் (நெட்வொர்க்கில் லைட்டிங் சிக்னல் அனுப்பும் இன்னொரு முறை) இப்படிச் செய்ய முடியாதா?

அதில் பிரையாரிட்டி எண் இல்லை. இரண்டு டெஸ்க் ஒரே யுனிவர்ஸுக்கு (விளக்குச் சேனல்களின் ஒரு தொகுப்பு) அனுப்பினால் நோடு இரண்டையும் கலக்கும். எச்டிபி முறையில் எது பெரிய எண்ணோ அது வெல்லும். பொது வெளிச்சத்துக்கு அது பரவாயில்லை, மூவிங் லைட்டைத் திருப்பும், சாய்க்கும் பான், டில்ட் சேனலில் அது குழப்பம்தான், விளக்கு எங்கேயோ பார்க்கும். ஆர்ட்-நெட்டில் பேக்கப் வேண்டுமென்றால், மெயின் விழும்வரை பேக்கப் டெஸ்க் அவுட்புட் கொடுக்காமல் இருக்க வேண்டும்.

டிஎம்எக்ஸ் கேபிளை (விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் கேபிள்) ஒய் போட்டு இரண்டு டெஸ்க்கையும் ஒரே லைனில் சேர்க்கலாமா?

கூடாது. டிஎம்எக்ஸ் லைனில் ஒருவர்தான் பேச வேண்டும். இரண்டு டெஸ்க் ஒரே வயரில் பேசினால் விளக்குகள் பைத்தியம் பிடித்ததுபோல் மினுக்கும். இரண்டு சிக்னலைச் சேர்க்கும் மெர்ஜரோ டிஎம்எக்ஸ் பேக்கப் ஸ்விட்சோ நடுவில் வேண்டும். லைன் கடைசியில் 120 ஓம் டெர்மினேட்டர் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். "டெஸ்க் கெட்டுவிட்டது" என்று என்னிடம் வந்தவற்றில் சில, அது இல்லாத லைன்கள்தான்.

சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கின் மெனுவிலும் நோடிலும் ஒரு செட்டிங் இருக்கும்: கடைசி நிலையில் நில், அல்லது அணை. மேடையில் ஆட்கள் ஆடும்போது திடீர் இருட்டு ஆபத்து. நான் எப்போதும் "நில்" என்றே வைப்பேன். பல நோடுகளில் ஒரு நிலையைச் சேமித்துவைத்து சிக்னல் போனால் அதைக் காட்டச் சொல்லலாம். மேடை முழுக்க ஒரு மிதமான வெளிச்சத்தை அதில் பதிந்துவைப்பது புத்திசாலித்தனம்.

நெட்வொர்க் ஸ்விட்ச் செத்தால்?

இரண்டு ஸ்விட்சை வளையமாக இணைத்து, ஒரு வழி அறுந்தால் மற்ற வழி திறக்கும்படி ஆர்எஸ்டிபி என்ற ஸ்விட்ச் வசதியை வைக்கலாம். வழி திறக்கச் சில நொடி ஆகலாம். லைட்டிங் அதைத் தாங்கும், ஆடியோ தாங்காது. ஆடியோவுக்குத் தனி இரட்டை நெட்வொர்க்தான் சரி. ஆர்எஸ்டிபி இல்லாத சாதாரண ஸ்விட்சில் வளையம் போட்டால் அடுத்த நொடியே நெட்வொர்க் மூச்சுத் திணறும்.

எஸ்ஏசிஎன் மல்டிகாஸ்ட்டில் (ஒரே சிக்னலைப் பல கருவிகளுக்கு அனுப்பும் முறை) ஓடுகிறதென்றால், கேட்டவர்களுக்கு மட்டும் அதை அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்நூப்பிங் வசதியை ஸ்விட்சில் வைத்திருப்பீர்கள். யாருக்கு எது வேண்டும் என்று கருவிகளை அவ்வப்போது விசாரிக்கும் ஒரு குவெரியர் அதற்குத் தேவை. அந்தப் பொறுப்பு மெயின் ஸ்விட்சில் மட்டும் இருந்து, அந்த ஸ்விட்ச் செத்தால், கேபிளெல்லாம் சரியாக இருந்தும் சில நிமிடங்களில் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கட்டுப்பாட்டை இழக்கும். கண்டுபிடிக்க முடியாத பேய் இது. இரண்டாவது ஸ்விட்சிலும் குவெரியரை ஆன் செய்துவையுங்கள். ஒன்று இருக்கும்போது மற்றது தானே ஒதுங்கியிருக்கும்.

வயர்லெஸ் மைக்?

முக்கிய நடிகருக்கு இரண்டு மைக், இரண்டு டிரான்ஸ்மிட்டர், இரண்டு வேறு ஃப்ரீக்வென்சி. மற்றவர்களுக்கு மேடை ஓரத்தில் ஆன் செய்த ஒரு ஹேண்ட்மைக். சோதித்துவைத்த ஒரு காலி ஃப்ரீக்வென்சியும் எழுதிவைத்திருங்கள்.

டைம்கோடுக்கும் (ஒலியையும் ஒளியையும் ஒரே நேரக் கணக்கில் இணைக்கும் சிக்னல்) பேக்கப் வேண்டுமா?

டைம்கோடின் எல்டிசி வடிவம் ஒலிதான், ஆகவே அதையும் பிளேபேக் ஸ்விட்சரின் ஒரு சேனலில் விட்டுவிடுங்கள். பாட்டோடு சேர்ந்து அதுவும் மாறும். 25 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட், ஆகவே சின்ன விலகலை டெஸ்க் பொருட்படுத்தாது. லைட்டிங் டெஸ்க்கில் ஃப்ரீவீல் செட்டிங்கை ஓரிரு நொடிக்கு வைத்தால், மாறும் இடைவெளியில் டெஸ்க் தன் கணக்கிலேயே ஓடும். இரண்டு மெஷினிலும் ஃப்ரேம் ரேட் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில் 25, மற்றதில் 30 இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தானாக மாறுவது நல்லதா, கையால் மாற்றுவதா?

ஒலிக்கு, பாட்டு ஓடும் ஷோவில், தானாக. மனிதன் கவனித்து முடிவெடுத்து பட்டனைத் தொட இரண்டு மூன்று நொடி ஆகும், தாளத்துக்கு அது யுகம். லைட்டுக்குக் கையால் மாற்றுவதே எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் விளக்கு உறைந்து நின்றாலும் மேடை தெரியும், யோசிக்க நேரம் இருக்கிறது.

எப்போதும் தானாக மாறக்கூடாதவையும் உண்டு: தூக்கி இறக்கும் மோட்டார்கள், வெடி, தீப்பிழம்பு, லேசர். இவற்றில் கட்டுப்பாடு போனால் எல்லாம் நிற்க வேண்டும். பேக்கப் எழுந்து தொடரக்கூடாது. அவசர விளக்கும் தீ எச்சரிக்கை ஒலியும் ஷோ கருவிகளைச் சார்ந்து இருக்கவே கூடாது.

மெயின் மறுபடி உயிர் பெற்றால் தானாகத் திரும்ப வேண்டுமா?

வேண்டாம். ஒருமுறை விழுந்தது மறுபடி விழும், ஸ்விட்சர் இங்கும் அங்கும் தாவிக்கொண்டிருக்கும். பேக்கப்புக்குப் போனால் அங்கேயே பூட்டிக்கொள்ளும்படி வையுங்கள். ஸ்டேஜ் மேனேஜரிடம் இன்டர்காமில் சொல்லுங்கள், அடுத்த இடைவெளியில் நிதானமாகப் பார்க்கலாம். இன்டர்காம் செத்தால்? வாக்கி-டாக்கி இரண்டு.

இரண்டு டெஸ்க்கும் ஒரே ஃபைலில் ஓடுகின்றன. ஃபைல் பேக்கப் தனியாக எதற்கு?

மெயினில் தவறுதலாக நீங்கள் அழித்த கியூ, பேக்கப்பிலும் அதே கணம் அழியும். நிழல் உருவத்தின் தவறையும் சேர்த்தே நகலெடுக்கும். தினமும் ஒத்திகை முடிந்ததும் தேதி போட்ட புதிய பெயரில் சேமித்து, ஒரு பென்டிரைவை டெஸ்க்கிலும், ஒன்றை உங்கள் சட்டைப்பையிலும், ஒரு நகலை இணையத்திலும் வையுங்கள். சேமித்ததைப் பேக்கப் மெஷினில் ஒருமுறை திறந்தும் பாருங்கள். ஃபைல் திறக்கும், உள்ளே பாட்டுகள் மட்டும் மெயின் லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் கிடக்கும். இது அடிக்கடி நடக்கும் கூத்து.

இதே வழியில் இன்னொரு ஆபத்தும் வரும். ஒரே சாஃப்ட்வேர், ஒரே ஃபைல், ஒரே கியூ என்றால், மெயினை வீழ்த்திய அதே பிழை பேக்கப்பையும் வீழ்த்தும். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில் நடந்தது இது. இரண்டு வழிகாட்டிக் கம்ப்யூட்டர்களிலும் ஒரே மென்பொருள். புறப்பட்டு 40 நொடிகூட ஆகாத நிலையில் பேக்கப் முதலில் விழுந்தது, நொடிக்கும் குறைவான நேரத்தில் மெயினும் அதே காரணத்துக்காக விழுந்தது. அந்தக் குட்டி அனலாக் மிக்சரை நான் விடாமல் வலியுறுத்துவது இதனால்தான். அதற்குள் மென்பொருளே இல்லை.

கையில் காசு மிகக் குறைவு. குறைந்தபட்சம் என்ன?

ஒரு யூபிஎஸ். ஒரு வயர் மைக்கும் குட்டி மிக்சரும். எல்லாப் பாட்டும் வரிசையாக ஏற்றிய, ஃப்ளைட் மோடில் போட்ட ஒரு பழைய போன், அதற்கான கேபிள். விளக்குகளில் "சிக்னல் போனால் நில்" செட்டிங், இதற்குச் செலவே இல்லை. ஒவ்வொரு வகைக் கேபிளிலும் சோதித்த இரண்டு ஸ்பேர். பிளேபேக் லேப்டாப்பில் தானியங்கி அப்டேட், ஸ்லீப், நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் அணைத்துவையுங்கள். அதுவும் இலவசம்தான்.

சரியாக வேலை செய்யும் என்று எப்படி நம்புவது?

ஒத்திகையில் பிடுங்கிப் பார்த்துத்தான். டெக்னிக்கல் ஒத்திகையில் அரை மணி நேரத்தை இதற்கென்றே கேட்டு வாங்குங்கள். பாட்டு உச்சத்தில் ஓடும்போது மெயின் லேப்டாப்பின் யூஎஸ்பி கேபிளை இழுங்கள். அடுத்தது அதன் கரண்ட், பிறகு பிரைமரி ஸ்விட்ச், பிறகு லைட்டிங் டெஸ்க், கடைசியில் யூபிஎஸ்ஸுக்கு வரும் மெயின்ஸ். ஒவ்வொன்றுக்கும் என்ன கேட்டது, என்ன தெரிந்தது, மீள எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ளுங்கள். டைரக்டர் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

யூபிஎஸ்ஸை முழு லோடில் நிஜமாகவே தீரும்வரை ஓடவிட்டு நேரம் பாருங்கள், பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். பிடுங்குவது யார் என்பதும் முக்கியம். நீங்களே பிடுங்கினால் விரல் முன்கூட்டியே பேக்கப் பட்டன் மேல் இருக்கும். உதவியாளரிடம் சொல்லி, எப்போது, எதை என்று உங்களுக்குத் தெரியாமல் இழுக்கச் சொல்லுங்கள். நான் முதல்முறை அப்படிச் செய்யச் சொன்னபோது பேக்கப் மாறியது, டோன் பிடித்தது, எல்லாம் சரி. ஆனால் பேக்கப் மெஷினின் வால்யூம் மெயினைவிட 6 டெசிபல் அதிகமாக இருந்தது. அதுவரை அதை யாருமே காதால் கேட்டதில்லை.